ஐம்பதாவது கிலோமீட்டர்

பாகாவ் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
நசீர்தீன் கடை. இரவு ஒன்பது.
பந்தாட்டம் இல்லாத ராத்திரி.
யாரோ ரிமோட்டின் மேல் முழங்கை ஊன்ற
திரை முழுக்க வெள்ளை வந்து நின்றது.

பெட்டி பழுதென்று நினைத்தோம்.
பிறகு அந்த வெள்ளைக்குள்
எறும்புச் சாரையாய் ஆட்கள் அசைந்தார்கள்.
காலில் ஆளுயரப் பட்டை, கையில் இரண்டு கோல்.
பனிச்சறுக்காம்.
சறுக்கக் காணோம்,
மேடு ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"இது என்னா வெளையாட்டு?" என்றான் பூபாலன்,
செம்பனைக் குலை வெட்டுகிறவன்.
"வேல மாதிரி இருக்கு."

நான் ஆலையில் எடைமேடைக் குமாஸ்தா.
எதையும் தட்டில் வைத்துப் பார்க்கிற புத்தி.
அந்த வாரம் இதே பெட்டியில் பார்த்ததையெல்லாம் வைத்தேன்.
மலையுச்சியிலிருந்து பாய்கிறவளை
ஏற்றிவிட நாற்காலி இருக்கிறது, கம்பியில் தொங்கி.
பறந்து குதிப்பவனுக்கு நாலைந்து நொடி
வானமே சொந்தம்.
வழுக்குப் பெட்டிக்குள் நாலு பேர் குந்திக்கொண்டால்
மீதியைப் பள்ளம் பார்த்துக்கொள்ளும்;
அந்தப் பெட்டி விலைக்கு இங்கே
ஒரு வரிசை வீடு வரும்.
பனித்தரையில் சுழலும் பெண்ணுக்குப் பாட்டு உண்டு,
ஜிகினாச் சட்டை உண்டு.

இவர்களுக்கு மூச்சுதான்.
ஏறியதை இறங்கலாம்,
இறங்கியதை மறுபடி ஏறணும்.
ஐம்பது கிலோமீட்டர்.
கோலாப்பிலா போய்த் திரும்புகிற தூரம், ஏறக்குறைய.
குளிர்கால ஆட்டங்களில்
இதுதான் பெரட்டுக்குப் போகிற ஆட்டம்.

ஒருவன் மூக்குச் சளி கன்னத்தில் உறைந்திருந்தது.
துடைக்கக் கை இல்லை, இரண்டிலும் கோல்.
பூபாலன் தே தாரிக்கைக் கீழே வைத்துவிட்டுத்
தன் தோளைத் தடவிக்கொண்டான்.

வாசல் காவலுக்குப் போகணும் டில் பகதூர்,
உடுப்போடு உட்கார்ந்திருந்தான்.
மலாயில் பாதி, எங்களிடம் பொறுக்கிய தமிழில் பாதி:
"எங்க ஊர்ல பனியில போறது உப்பு வாங்க.
மெடல் கெடயாது. வெரல் போகும்."
சொல்லிவிட்டு மேசைக்கடியில்
இடது காலை வலது காலுக்குப் பின்னால் ஒளித்தான்.

பனி எப்படி இருக்கும் என்று கேட்டேன்.
யோசித்தான்.
ரொட்டி ஒன்று வெந்து இறங்கும்வரை யோசித்தான்.
"சத்தம் இருக்காது."

ஜெயித்தவன் கோட்டைத் தாண்டி விழுந்தான்,
வெட்டிய குலை விழுகிற மாதிரி, மொத்தமாக.
கேமரா அவனைக் கட்டிக்கொண்டது.
தூரத்தில் இன்னொருத்தன் வந்துகொண்டிருந்தான்,
எண் தொண்ணூற்று நாலு.
பனியே பெய்யாத நாட்டுக்காரனாம்,
தார்ச்சாலையில் சக்கரம் கட்டிப் பழகியவனாம்.
கொடி யாருக்கும் தெரியவில்லை.

நசீர்தீன் நாற்காலிகளைக் கவிழ்த்துக்கொண்டே வந்தான்.
எங்கள் மூன்றும்தான் பாக்கி.
"அவன் வரட்டும்ணே" என்றான் பூபாலன்.
சவர்க்கார விளம்பரம் வந்தது.
அப்புறம் கார். அப்புறம் கோட்டு போட்ட நாலு பேர்
பேசிப் பேசிச் சிரித்தார்கள்.
அவன் வரவே இல்லை.

மழை விட்டிருந்தது.
தோட்டத்துச் செம்மண் பாதையில்
லாரி போன தடம் இரண்டு,
தண்ணீர் நிறைந்து, மோட்டோ வெளிச்சத்தில் வெள்ளையாக.
பூபாலன் இறங்கினான்.
அடிடாஸ் கம்போங், முழு ரப்பர், பத்து வெள்ளி.
இந்தத் தடத்தில் ஒரு கால், அந்தத் தடத்தில் ஒரு கால்;
எட்டவில்லை.
ஒரே தடத்துக்குள் இரண்டையும் வைத்துத் தள்ளினான்.
அரை அடி போனான்.
இன்னும் அரை அடி.
பிறகு சேற்றில் உட்கார்ந்தான்.
"நாளைக்கு ஆறு மணிக்கு மண்டோர் நிப்பான்டா" என்றேன்.
எழுந்து,
மறுபடி தள்ளினான்.

மறுநாள் மாலை, வேலை ஏறும்போது
வாசலில் டில் பகதூரைக் கேட்டேன்:
அந்தத் தொண்ணூற்று நாலு வந்திருப்பானா?

"வந்திருப்பான்.
வேற எங்க போவான், அந்தப் பனியில?"

தடுப்புக் கம்பத்தைத் தூக்கினான்.
லாரி மேடையில் ஏறியது.
பதினெட்டு டன், நானூற்று இருபது கிலோ.
எழுதிக்கொண்டேன்.